வளைவில் நான் படித்த பாதிப் பலகை

முதலில் தெரிந்தது வாய்க்குள் கிடந்த கற்கள். யாரோ ஒரு பிடி சரளையை அள்ளி என் வாயில் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துத் துப்பினேன். நான்கு விழுந்தன. அதில் ஒன்றில் வெற்றிலைக் காவி இருந்தது. அதை வைத்துத்தான் அவை என் பற்கள் என்று அடையாளம் கண்டேன்.

இரண்டாவதாகத் தெரிந்தது என் வலது கால். முழங்காலுக்குக் கீழே அது வேறொருவருடையதைப் போல மடிந்து கிடந்தது. பாதம் பின்பக்கம் திரும்பி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிரிக்க வேண்டும் போல் இருந்தது. வாயைத் திறந்தேன். தாடையின் இடப்பாதி வந்தது, வலப்பாதி வரவில்லை. அதற்குப் பிறகுதான் வலி வந்தது. அது வந்த விதத்தை எழுத எனக்குத் தெரிந்த எழுத்து போதாது.

கால் எடுக்கப்பட்டவர்கள், தாடைக்குக் கம்பி போட்டவர்கள், இரண்டும் சேர்ந்து வந்த என்னைப் போன்ற அதிர்ஷ்டசாலிகள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் தடுக்க மாட்டேன். ஆனால் எதையாவது ஓட்டிக்கொண்டு படிக்காதீர்கள்.

இலங்கையில் 1934இல் பெரிய மலேரியா வந்ததற்கு முந்திய வருஷம் நான் கலஹாவிலிருந்து பேராதனை வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் வத்தேகம. பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம்தான் இருந்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தது அதற்குப் பிறகு, சந்தையில் சாமான் சுற்றிக் கொடுக்கும் தாள்களை வைத்து. அதனால் எழுத்து எங்கே கண்டாலும் படிக்காமல் விட மாட்டேன். பசித்தவன் சோற்றுக் கடையைப் பார்ப்பது போலத்தான்.

அந்த நாட்களில் பாதை ஓரமெல்லாம் பலகை முளைக்கத் தொடங்கியிருந்தது. சோப், பிஸ்கட், சுருட்டு, காய்ச்சல் மருந்து. பஸ்ஸில் ஏறுகிற தோட்டத்து ஆட்கள் பலருக்குப் படிக்கத் தெரியாது. "நானா, அதுல என்னா போட்டுருக்கு?" என்று கேட்பார்கள். நான் முஸ்லிம் என்பதால் அண்ணனுக்குப் பதில் நானா. நான் ஓட்டிக்கொண்டே உரக்கப் படித்துக் காட்டுவேன். படித்தேன் என்றா சொன்னேன்? இட்டுக்கட்டினேன். "இந்தப் பிஸ்கட் தின்டா தொரை தமிழ் பேசுவார்" என்பேன். "இந்தச் சோப்ப போட்டா கங்காணிட மனசும் வெளுக்கும்" என்பேன். பஸ் குலுங்கச் சிரிப்பார்கள். வேறு பஸ் முன்னால் வந்தாலும் ஏறாமல் என் பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள். பஸ் முதலாளிக்கு அதில் பரம சந்தோஷம்.

முதலாளி பஸ்ஸையும் சும்மா விட்டுவைக்கவில்லை. நெற்றியில் தேயிலைக் கம்பெனித் தகரம், இரண்டு பக்கமும் மருந்து, பின்புறம் சோப்பைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரிக்கிற பெண். அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே வந்து எங்கள் பின்புறத்தில் முட்டிய லொறிகள் இரண்டு. அப்போதெல்லாம் நான்தான் இறங்கிப் போய் அந்த டிரைவர்களுக்குப் புத்தி சொல்வேன். "பொம்பளப் படம் பார்க்கவா ஒனக்கு லைசென் தந்த?" என்பேன்.

விபத்து நடந்த அன்று காலை கலஹாவில் பஸ் நிறைந்தது. என் இடப்பக்கத்து முன் இருக்கையில் உட்கார்ந்தவர் கருப்பையா. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், நாற்பது வயதிருக்கும். பஸ்ஸில் ஏறினால் கைப்பிடியை விட மாட்டார். என் பகிடிக்கெல்லாம் சிரிப்பார், ஆனால் கண் பாதையில் இருக்கும். பாதி நான் ஓட்டினேன் என்றால் மீதியை அவர் பயத்தால் ஓட்டினார்.

இறக்கத்தில் இடப்பக்கம் திரும்புகிற ஒரு வளைவு. முந்திய நாள் அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அன்று மேட்டில் புதிதாக ஒரு தகரப் பலகை நின்றது. ஒரு யானை முன்காலைத் தூக்கிக்கொண்டு அழுகிறது, ஒரு குட்டி மனிதன் அதன் காலுக்குத் தைலம் தடவுகிறான். மேலே சிவப்பில் கொட்டை எழுத்து.

"ஆஹா, யானைக்கும் மூட்டு வலி" என்றேன்.

"நானா, பாதையப் பாருங்க" என்றார் கருப்பையா. "பலகை ஓடிப் போயிராது."

"பலகை ஓடாது. நாங்கதானே ஓடுறோம்" என்று சொல்லிவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி தொடங்கினேன். "எந்த வலியும்..."

அதற்கு மேல் படிக்கவில்லை. தலை இடப்பக்கம் திரும்பியது. பஸ் திரும்பவில்லை. வலது சக்கரம் ஓரக்கல்லை உடைத்த சத்தம் கேட்ட பிறகுதான் என் கால் பிரேக்கை மிதித்தது. அப்போது சக்கரத்துக்குக் கீழே பாதை இல்லை, காற்றுத்தான் இருந்தது.

மூன்று முறை உருண்டோம் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது சத்தம்தான். மரக்கூடு பிளந்தது. ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து எலும்பில் எலும்பு மோதியது. ஸ்டியரிங் எழும்பி என் தாடையில் இடித்தது. நெற்றித் தகரம் ஆணியிலிருந்து பிய்ந்து கத்தியைப் போல உள்ளே வந்தது. கைப்பிடியை விடாமல் இருந்த ஒரே ஆள் கருப்பையா. அவர் கழுத்து அங்கேயே நின்றது, தகரம் அதைத் தாண்டிப் போனது. இதற்கு மேல் அதை எழுத மாட்டேன். பத்தொன்பது பேருக்குக் காயம். இறந்தவர் ஒருவர், பாதையைப் பார்த்துக்கொண்டு வந்தவர்.

கண்டி ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்தவர். அதிகம் பேச மாட்டார். தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டினார். எலும்பு கூடும்வரை வாய் அசையக் கூடாது. ஊசி போட்டிருந்தும் ஒவ்வொரு முறுக்கும் காது வழியாக மூளைக்குள் ஏறியது. முன்னால் நான்கு பல் போயிருந்தது நல்லதாகப் போயிற்று. அந்த ஓட்டையில் ரப்பர்க் குழாயை விட்டுக் கஞ்சி ஊற்றினார்கள். ஊரெல்லாம் வாயால் பிழைத்தவனுக்கு வாயில் மிச்சம் இருந்தது அந்த ஓட்டைதான்.

ஐந்தாம் நாள் காலில் அழுகல் (ரத்த ஓட்டம் நின்று சதை செத்துப்போவது) கண்டது. விரல்கள் கறுத்தன. அந்த நாற்றத்துக்குப் பக்கத்துக் கட்டில்காரர் மூக்கைப் பொத்தினார். குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க என் கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்ததால் எனக்கு அந்த வசதியும் இல்லை. என்னைப் பார்த்துக்கொள்ள இருந்தது என் ராத்தா (அக்கா) மட்டும். புருஷன் இறந்த பிறகு என்னோடுதான் இருந்தாள். டாக்டர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"காலை எடுத்தா ஆளைக் காப்பாத்தலாம். காலை வச்சிருந்தா இரண்டும் போயிடும். யோசிக்க நேரமில்லை."

ராத்தா அழவில்லை. "தம்பிக்கு அந்தக் காலால ஒரு வேலையும் ஒழுங்கா வந்ததில்ல டாக்டர். எடுங்க" என்றாள். பிறகு நடைக்குப் போய்ச் சுவரில் தலையை மோதிக்கொண்டாள் என்று மிஸி (தாதி) சொன்னார்.

முகத்தில் துணியை வைத்துக் குளோரோஃபார்ம் (மயக்க மருந்து) சொட்டினார்கள். இனிப்பான நாற்றம். எண்ணச் சொன்னார்கள். கம்பி கட்டிய வாயால் எப்படி எண்ணுவது? மனதுக்குள் எண்ணினேன். ஏழுக்குப் பிறகு யானை வந்தது. விழித்தபோது போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது.

இனி சொல்வது கால் போனவர்களுக்கு. கால் போகாது. வெட்டி எடுத்த மூன்றாம் நாள் என் வலது பாதம் வந்துவிட்டது, வெறும் காற்றில், எல்லா விரல்களோடும். அது சும்மா இருக்கவும் இல்லை. பிரேக்கை மிதித்தது. முழு பலத்தோடும், இல்லாத கணுக்கால் வெடிக்கிற மாதிரி. நாள் முழுவதும் மிதித்தது. டாக்டரிடம் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். "ஓம், அப்பிடித்தான் இருக்கும்" என்றார். "கால் போன செய்தி நரம்புக்கு இன்னும் போய்ச் சேரேல்ல." வேண்டிய நேரத்தில் வராத கால், வெட்டிய பிறகு இவ்வளவு கடமையோடு வேலை செய்வதைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது.

ஒன்பதாம் நாள் முதலாளி ஒரு பொலிஸ் சார்ஜனைக் கூட்டிக்கொண்டு வந்தார். சார்ஜன் சிங்களவர், தமிழ் கொஞ்சம் தெரியும். முதலாளி என் தலைமாட்டில் குனிந்தார்.

"பக்கத்துல இருந்த ஆள்தானே பலகைய வாசிக்கச் செல்லி ஒன்ட தோளப் புடிச்சி இழுத்த? அதாலதானே தல திரும்பின? நீ ஒன்டும் பேச வாணாம். தலைய மட்டும் ஆட்டு."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இல்லாட்டி உள்ள போவாய். ஒத்தக் காலோட. ராத்தாவ யாரு பார்க்கிற?" என்றார்.

மோர்ஃபியாவின் (வலியை அடக்கும் மருந்து) மயக்கத்தில் ஆட்டினேன் என்று சொல்லலாம். பலரிடம் அப்படித்தான் சொன்னேன். உண்மையில் அன்று காலை எனக்கு ஊசி போடவில்லை. தலையாட்டுவதற்குத் தாடை தேவையில்லை. ஆட்டினேன். சார்ஜன் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் காகம் ஒன்று ஜன்னல் வழியாக வந்து என் கஞ்சித் தகரப் பேணியில் வாயை வைத்தது. "போ சைத்தான்" என்றேன். பிறகு திடுக்கிட்டேன். கம்பி அப்படியேதான் இருந்தது. பல்லுக்குள்ளாலேயே பேச்சு வருகிறது. தாடை கட்டப்பட்டவர்கள் கவனிக்க: இரண்டு வாரத்தில் பேசலாம், பாம்பு பேசுவது போல இருக்கும். நான் சுற்றிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன், அதாவது ஏற்கனவே மூடியிருந்ததை இன்னும் மூடிக்கொண்டேன். பேச முடியாதவனிடம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்த வசதி எனக்குப் பிடித்திருந்தது.

அதற்கு மூன்று நாளைக்குப் பிறகு எதிர்க் கட்டிலுக்கு ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மண்டை பிளந்திருந்தது, இடது கை முறிந்திருந்தது. பெயர் முனியாண்டி. கருப்பையாவின் தம்பி.

நடந்ததை அவனே சொன்னான். பஸ் உருண்டதற்குக் கருப்பையாதான் காரணம், அவன்தான் டிரைவரை இழுத்தான் என்று தோட்டமெல்லாம் பேச்சு. பஸ்ஸில் கை, கால் உடைந்தவர்களின் வீட்டு ஆட்கள் பொல்லு தடிகளோடு, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கு வந்தார்கள். கருப்பையாவின் மனைவி இருந்த காம்பரா அறையின் கதவை உடைத்தார்கள். சட்டி பானையை மிதித்து நொறுக்கினார்கள். அவளைத் தலைமயிரில் பிடித்து வெளியே இழுத்தார்கள். முனியாண்டி குறுக்கே விழுந்தான். விழுந்தவன் மேல் எல்லோரும் அடித்தார்கள்.

"அண்ணிய தப்பிக்க வச்சிட்டேன்" என்றான். "கதவு போச்சு. சாக்குதான் தொங்குது."

தலையில் கட்டோடு ஒவ்வொரு காலையும் என் கட்டிலுக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்பான்.

"நானா, எங்கண்ணே அப்புடி ஆளில்ல. பஸ்ஸுல ஏறுனா கம்பிய விடாது. நெசமாவே ஒங்களப் புடிச்சி இழுத்துச்சா?"

நான் தாடையைத் தொட்டுக் காட்டுவேன். கண்ணை மூடிக்கொள்வேன். எவ்வளவு நல்ல நடிகன் நான்.

அவன் கோபிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நல்ல கையால் என் கஞ்சிக் குழாயைப் பிடித்தான். வெட்டிய காலின் கட்டுத் துணி மேல் ஈ உட்கார்ந்தால் விரட்டினான். அப்படியே பகிடியும் விட்டான். "ஒங்க காலு ஒண்ணு, எங் கையி ஒண்ணு. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு தேறும், நானா." இல்லாத பாதம் அப்போது பிரேக்கை மிதித்த மிதிப்பில் எனக்குத் தொடைவரை வியர்த்தது.

ஒரு மத்தியானம், வெயில் தகரக் கூரையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரம், வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புறாங்க. லயத்துக்குப் போறேன். யோசிச்சிட்டேன், நானா. எல்லார் கால்லயும் விழுந்துர்றேன். ஆமா, எங்கண்ணேதான் இழுத்துச்சு, மன்னிச்சிருங்கன்னு சொல்லிர்றேன். அப்பத்தான் அண்ணிய விடுவாங்க. பொலிஸ்ல நீங்க தலைய ஆட்டிட்டீங்களாமே. ஆட்டுனா ஆட்டுனதுதான்."

என் கண் முன்னால் கருப்பையா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவன் போய் அவருக்காக மண்ணில் விழப் போகிறான். சிறை ஞாபகம் வந்தது, ராத்தா ஞாபகம் வந்தது. ஆனால் பல் அவற்றைக் கேட்கவில்லை.

"பலகைய வாசிக்கச் செல்லி அவர் கேக்கல்ல" என்றேன்.

முனியாண்டி சுற்றிலும் பார்த்தான், யார் பேசியது என்று.

"பாதையப் பாருங்கன்டு செல்லினார். பலகை ஓடிப் போயிராதுன்டு செல்லினார். நான்தான் கேக்கல்ல. என்னத் தொடவும் இல்ல."

அவன் என் வாயையே பார்த்தான். "எத்தன நாளா பேச முடியும் ஒங்களுக்கு?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. "நீ வர முந்தியே" என்றேன்.

கஞ்சி ஊற்றுகிற எனாமல் கோப்பை அவன் கையில்தான் இருந்தது. அதாலேயே அடித்தான். முதல் அடியில் தாடை மறுபடி உடைந்தது எனக்குக் கேட்டது. இரண்டாவது அடியில் கம்பி அறுந்து பல் முரசை (ஈறை) கிழித்தது. மூன்றாவதாக வெட்டிய காலைப் பிடித்து முறுக்கினான். தையல் விட்டது. போர்வை முழுக்க ரத்தம். நான் கத்தினேன், வாய் நிறைய ரத்தத்தோடு. அவனும் கத்தினான், "அண்ணே, அண்ணே" என்று. என்னையா தன் அண்ணனையா கூப்பிட்டான் என்று தெரியவில்லை. அட்டெண்டன்மார் வரும்போது அவன் அடிப்பதை நிறுத்திவிட்டு அதே கோப்பையை என் வாய்க்குக் கீழே ஏந்தி, விழும் ரத்தத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் வந்து பார்த்தார். என் சிலேட்டை எடுத்து, "கட்டிலிலிருந்து விழுந்தேன்" என்று எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதிய பொய்களில் நான் வெட்கப்படாதது அது ஒன்றுதான்.

டாக்டர் படித்தார். முனியாண்டியைப் பார்த்தார். கோப்பையில் இருந்த நெளிவைப் பார்த்தார். "கட்டில் நல்லாத்தான் அடிச்சிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கம்பிச் சுருளை எடுத்தார்.

மறுபடி முதலிலிருந்து. மறுபடி முறுக்கு, மறுபடி குழாய். இந்த முறை ஊசி குறைவு, அல்லது நான் அதிகம் விழித்திருந்தேன். முதல் தடவை வலியோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டாவது தடவை அது வரும், இருக்கும், போகும் என்று தெரிந்திருந்தது. நோயில் கிடப்பவர்களுக்கு நான் தரக்கூடிய ஒரே மருந்து இதுதான். எல்லாக் கடைகளிலும் கிடைக்காது.

எழுந்து உட்கார முடிந்ததும் தாள் கேட்டு வாங்கி எல்லாவற்றையும் எழுதினேன். இட்டுக்கட்டாமல் எழுதியதால் அரைப்பக்கத்தில் முடிந்துவிட்டது. சார்ஜன் வந்து வாங்கிக்கொண்டார். படித்துச் சொல்ல ஓர் ஆளைத் தேடிப் போனார். முதலாளி அதற்குப் பிறகு வரவில்லை. ராத்தா மட்டும் கேட்டாள், "உள்ள போட்டாங்கன்டா?" சிலேட்டில் எழுதினேன்: "அங்கே பலகை இருக்காது."

போட்டார்கள். லைசென்சையும் எடுத்தார்கள். நீதவான் என் காலைப் பார்த்து யோசித்திருக்க வேண்டும், ஒரு மாதம்தான் தந்தார். அங்கே கயிறு திரித்தேன். அதற்குக் கால் வேண்டாம். ராத்தா அந்த ஒரு மாதமும் இடியப்பம் அவித்து விற்றாள். இன்றும் அதைத்தான் செய்கிறாள், என்னால் அல்ல, தன் கையால் சாப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டு.

வெளியே வந்ததும் கக்கத்துக் கட்டைகளோடு கலஹா பஸ்ஸில் ஏறினேன். முன் இருக்கையில், டிரைவருக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்தேன். கைப்பிடியை விடவில்லை. டிரைவர் என்னை அறிவான். "என்ன நானா, பகிடி ஒன்டும் இல்லையா?" என்றான். "பாதையப் பாரு" என்றேன். அவன் அதையே பகிடியாக எடுத்துக்கொண்டு சிரித்தான்.

வளைவுக்கு எவ்வளவோ முன்பே என் இல்லாத கால் மிதிக்கத் தொடங்கிவிட்டது. அங்கே வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். மேட்டில் இரண்டு கம்பங்கள்தான் நின்றன. பலகை இல்லை.

அன்று ஞாயிறு. லயத்து வாசலில் ஆட்கள் இருந்தார்கள். சிலர் கையில் இன்னும் கட்டு இருந்தது. நான் கட்டைகளில் தொங்கிக்கொண்டு, கருப்பையா என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். வளைந்து கூடிய தாடையில் சொற்கள் கொஞ்சம் சீழ்க்கை அடித்தன. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் காறித் துப்பினார். ஒரு கல் வந்து என் தோளில் பட்டது. இரண்டாவது கல் வரவில்லை. பொல்லோடு வந்தவர்களில் ஒருவர் எழும்பி, கருப்பையாவின் மனைவி இருந்த காம்பராப் பக்கம் பார்க்காமல் தன் வீட்டுக்குள் போனார். பிறகு இன்னொருவர்.

முனியாண்டி வந்து என் பக்கத்தில் நின்றான். பிறகு அண்ணியின் காம்பராவுக்கு நடந்தான். பின்னால் போனேன்.

சாக்கு இல்லை. கதவு இருந்தது. தகரக் கதவு, இரண்டு துண்டாக வெட்டி மரச்சட்டத்தில் அடித்தது. யானை தலைகீழாக நின்று அழுதுகொண்டிருந்தது. குட்டி மனிதனுக்கு இடுப்புக்கு மேல் இல்லை.

"நாந்தான் புடுங்கிட்டு வந்தேன்" என்றான். "யாரும் கேக்கல." பிறகு கதவைக் கையால் தட்டினான். "அண்ணி தெனமும் கேக்குது. அதுல என்னா போட்டுருக்கு? படிங்க. ஒழுங்கா படிங்க."

கருப்பையாவின் மனைவி உள்ளே அடுப்படியிலிருந்து எழும்பி வந்து நிலையில் சாய்ந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுத்தைப் பார்த்தார்.

தலைகீழான எழுத்தைப் படிக்க நேரம் எடுத்தது. பஸ்ஸில் மூன்று மூச்சுக்குள் தாண்டிப் போயிருப்பேன். ஒற்றைக் காலில் நின்றபடி, கழுத்தைச் சரித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன், சந்தைத் தாளில் படித்த நாட்களைப் போல.

"எந்த வலியும் ஒரு நொடியில் மறையும்" என்று படித்தேன். "எல்லாக் கடைகளிலும் கிடைக்கும்."

அவர் எழுத்தின் மேல் விரலை வைத்தார். "அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான்" என்றேன்.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த நேரத்தில் என் வலது பாதம் பிரேக்கிலிருந்து எழும்பியது. ஆஸ்பத்திரியில் அது திரும்பி வந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கணுக்கால் குளிர்ந்தது. நான் அசையாமல் நின்றேன். பிறகு கீழே பாதையில் ஒரு பஸ் வளைவுக்கு ஹோர்ன் அடித்தது. பாதம் மறுபடி மிதித்துக்கொண்டது.